விலாங்குக்குத் தூண்டில் போடுகிறவர்களுக்கு

முதலில் எது விலாங்கு என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஆரலைக் காட்டி விலாங்கு என்று சொல்கிறவர்கள் நிறைய. ஆரலுக்கு மூக்கு கூர், முதுகில் வரிசையாக முள் குத்தும். விலாங்குக்கு முள் கிடையாது. செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னத் துடுப்பு இருக்கும், முதுகுத் துடுப்பும் வாலும் அடித்துடுப்பும் ஒரே நாடாவாக ஓடும். நம் பக்க ஆறுகளுக்கு உரியவை இரண்டு வகை: ஒன்று உடம்பெல்லாம் திட்டுத்திட்டாக இருக்கும், இன்னொன்று ஒரே நிறம்.

தென்பெண்ணை, கெடிலம், சுண்ணாம்பாறு எதுவானாலும் பகலில் போய்ப் பயனில்லை. மதகு இடுக்கு, தடுப்பணைக்குக் கீழே கிடக்கும் கல், வேர் தொங்கும் கரை, இங்கேதான் பகல் முழுக்கப் பதுங்கிக் கிடக்கும். இருட்டிய பிறகு, அதுவும் நிலா இல்லாத இரவில், மழைத் தண்ணீர் கலங்கி வரும்போது வெளியே வந்து மேயும்.

தக்கை வேண்டாம். தடித்த தூண்டில் நரம்பு, ஒரு ஈயக்குண்டு, ஒரே ஒரு தூண்டில் முள் போதும், இரை தரையில் கிடக்க வேண்டும். மண்புழுவைக் கொத்தாகக் கோத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பொடிக் கெண்டைமீன் துண்டு, கோழிக்குடல். கண்ணைவிட மூக்கை நம்பும் மீன் இது, வாடை அடிக்கிற இரையைத் தேடி வரும். முதலில் டொக் டொக் என்று தட்டும், அப்புறம் நரம்பு மெல்ல நகரும், அந்த நொடியிலேயே சுண்டி இழுக்க வேண்டும். தாமதித்தால் முள்ளை வயிறுவரை விழுங்கிவிடும், அல்லது கல்லுக்குள் வாலைச் சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்டால் மல்லுக்கு நிற்காதீர்கள், நரம்பைத் தளர்த்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள், தானே வெளியே வர வாய்ப்புண்டு. கரைக்கு வந்ததும் நேராக ஈரச் சாக்குக்குள் விடுங்கள், வெறுங்கையில் நிற்காது.

சரி, இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். விலாங்கு ஆற்றில் முட்டையிடாது. ஆழ்கடலில் பிறந்து, கண்ணாடி இலை போன்ற குஞ்சாக நீரோட்டத்தில் மிதந்து வந்து, கரையை நெருங்கும்போது நூல்போல மாறி, கழிமுகம் வழியாக ஆறு ஏறுகிறது. பல வருடம் நம்மிடம் வளர்ந்து, மறுபடி கடலுக்கு இறங்கி, ஒரே ஒரு தடவை முட்டையிட்டுச் செத்துப்போகிறது. ஆற்றில் எந்த விலாங்கை அறுத்தாலும் முற்றிய சினை இருக்காது. அதனால்தான் அரிஸ்டாட்டில்கூட இது சேற்றிலிருந்து வருகிறது என்று எழுதிவிட்டுப் போனார். ஐரோப்பிய விலாங்கு அட்லாண்டிக்கிலுள்ள சர்கசோ கடலில் பிறக்கிறது என்று டென்மார்க்கின் யோஹான்னஸ் ஷ்மிட் சொல்லவே 1922 ஆகிவிட்டது. ஆக, நம் சாக்கில் கிடப்பது இன்னும் ஒரு குஞ்சுகூடப் பொரிக்காத மீன்.

ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் கண் பெருத்து, வயிறு வெள்ளியாகி, முதுகு கறுத்த பெரிய விலாங்கு கிடைத்தால் அது கடலுக்குக் கிளம்பிவிட்டது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். குழம்புக்கு நடுத்தர அளவில் ஒன்று போதும். உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் வழவழப்பு போகும். பச்சை ரத்தம் நச்சு, கண்ணில் படக்கூடாது, நன்றாக வெந்தால் பயமில்லை.

விடும்போது முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காதீர்கள், வாயோரம் நரம்பை அறுத்துவிடுங்கள். சாக்கைக் கரையோரம் கவிழ்த்தாலே போதும், தோல் வழியாகவும் மூச்சு விடும் மீன், ஈரப் புல்லில் நெளிந்து தானே தண்ணீருக்குப் போய்ச் சேரும்.