1950-களின் வரைபடத்தில் உங்கள் ஊர் ஏரி

ஊர் ஏரி முன்பு எவ்வளவு பெரியதாக இருந்தது என்று பார்க்க ஆசையா? 1950-களில் அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு தயாரித்த யு502 (U502) என்ற வரைபட வரிசையைத் தேடுங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். முதலில், எந்தப் பகுதி எந்தத் தாளில் இருக்கிறது என்று காட்டும் அட்டவணைப் படத்தில் உங்கள் மாவட்டம் விழும் தாளின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

தாளைத் திறந்ததும் அதன் ஓரக் குறிப்புகளைப் படியுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அச்சான ஆண்டு வேறு, நிலத்தை அளந்த ஆண்டு வேறு. 1955 என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அதற்கும் பல ஆண்டுகள் முந்தைய அளவையாக இருக்கலாம்.

அளவு 1:2,50,000. தாளில் 1 மில்லிமீட்டர் என்றால் தரையில் 250 மீட்டர். அதனால் சின்னக் குட்டை, ஊருணி எல்லாம் இதில் கிடைக்காது. பெரிய ஏரிகளும் ஆறுகளும் ரயில் பாதையும்தான் தெரியும். சமவெளியில் சம உயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) மிகக் குறைவு என்பதால், நீரைக் காட்டும் நீல நிறத்தைப் பின்தொடர்வதே நல்ல வழி.

அப்புறம், படத்தை கூகுள் எர்த்தில் இமேஜ் ஓவர்லேயாக (இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் போர்த்தும் படமாக) ஏற்றி, அடியில் இருப்பதும் தெரியும்படி ஒளிபுகும் அளவைப் பாதியாக வையுங்கள். ரயில் சந்திப்பு, பழைய ஆற்றுப் பாலம் என இடம் மாறாத 3, 4 புள்ளிகளை வைத்துப் பொருத்துங்கள். சில நூறு மீட்டர் விலகல் இருக்கும், சரி, பரவாயில்லை. ஆனால் எல்லைத் தகராறுக்கு இதை ஆதாரமாகக் காட்டாதீர்கள். அதற்குக் கிராம நில அளவைப் படம்தான் வேண்டும்.