கால்பந்து உலகக் கோப்பை விருதுகளைக் கணக்கிட்டு அறியும் முறை

உலகக் கோப்பைக் கால்பந்தின் விருதுகளுள் சில எண்களாலும், சில தேர்வாளர்களின் மதிப்பீட்டாலும் முடிவாகின்றன. எது எவ்வகை என்று தெரிந்துகொண்டால், போட்டி நடக்கும்போதே விருதுகளின் போக்கை நீங்களே கணித்து வரலாம். 2022 கத்தார் போட்டியைக் கொண்டு இதைப் பழகுவோம்.

முதற்படி: தங்கக் காலணி

இது போட்டியில் அதிகக் கோல் அடித்தவருக்கான விருது. ஒரு தாளில் வீரர், கோல், அசிஸ்ட் (சக வீரர் கோலடிக்கக் கொடுத்த பாஸ்), ஆடிய நிமிடங்கள் என நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்ட நேரத்திலும் கூடுதல் நேரத்திலும் அடித்த கோல்களை, பெனால்டி உட்பட, எழுதுங்கள். சமநிலையில் முடிந்த ஆட்டத்தின் வெற்றியாளரை முடிவுசெய்யும் பெனால்டி ஷூட்அவுட்டில் அடித்தவற்றை விட்டுவிடுங்கள். கோல்கள் சமமானால் அசிஸ்ட் அதிகம் உள்ளவரும், அதுவும் சமமானால் குறைந்த நிமிடங்கள் ஆடியவரும் முந்துவார்கள். 2010இல் முல்லர், வியா, ஸ்னைடர், ஃபோர்லான் ஆகிய நால்வரும் ஐந்து கோல்களில் நின்றபோது, மூன்று அசிஸ்ட்கள் முல்லருக்கு விருதைத் தந்தன.

இந்த விதியின் அழகை 2022 இறுதியாட்டத்தைப் போல வேறெதுவும் காட்டியதில்லை என்பேன். மெஸ்ஸியும் எம்பாப்பேயும் தலா ஐந்து கோல்களுடன் களமிறங்கினர். 108ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி அடித்த கோலால் இருவரும் ஏழில் சமமாயினர். ஓர் அசிஸ்ட் கூடுதலாக இருந்ததால் அப்போது தாளில் முன்னின்றவர் மெஸ்ஸிதான். பத்து நிமிடம் கழித்து எம்பாப்பே பெனால்டியில் எட்டாவது கோலை அடித்து, காலணியைத் தனதாக்கிக்கொண்டார்.

இரண்டாம் படி: தங்கப் பந்து

இது போட்டியின் சிறந்த வீரருக்கான விருது. இங்கே தாள் துணையிராது. தொடர் முழுவதும் ஓர் அணியைத் தாங்கி நின்றவர் யார் என்று பாருங்கள். கோப்பையை வென்ற அணியிலேயே தேட வேண்டியதில்லை. 1994இல் ரொமாரியோவுக்குப் பின், 2022இல் மெஸ்ஸி பெறும் வரை, சாம்பியன் அணி வீரர் எவருக்கும் இவ்விருது கிடைக்கவில்லை.

மூன்றாம் படி: கையுறையும் இளம் வீரரும்

தங்கக் கையுறை சிறந்த கோல்கீப்பருக்கு உரியது. 2022இல் எமிலியானோ மார்ட்டினெஸ் பெற்றார். இளம் வீரர் விருதுக்குப் பிறந்த ஆண்டைச் சரிபாருங்கள். அம்முறை 2001இலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களே தகுதி பெற்றனர். என்சோ ஃபெர்னாண்டஸ் வென்றார்.

நான்காம் படி: நேர்மை ஆட்ட விருது

அணிக்கான இவ்விருதைப் பலர் கவனிப்பதே இல்லை. அது எனக்கு உண்மையான வருத்தம். தோற்றால் வெளியேறும் நாக்அவுட் சுற்றை எட்டிய அணிகளை மட்டும் எடுத்து, மஞ்சள், சிவப்பு அட்டைகளை எண்ணுங்கள். ஐந்து ஆட்டங்களில் ஒரே ஒரு மஞ்சள் அட்டை பெற்ற இங்கிலாந்து 2022இல் வென்றது. அட்டைக் கணக்கு விருதோடு நிற்பதுமில்லை: 2018இல் புள்ளிகளும் கோல்களும் சமமாயிருந்தும், குறைவான மஞ்சள் அட்டைகளால் ஜப்பான் அடுத்த சுற்றுக்குச் சென்றது, செனகல் வெளியேறியது.