பழைய ஒயில் படத்தில் திரும்பக் கை வைக்கும்போது

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் ஒயில் வர்ணத்தில் கீறிய காலிமுகத்திடல் படம் ஒன்று பன்னிரண்டு வருடமாகத் தொங்கியது. பின்னேர வானம், பட்டம் விடும் பிள்ளைகள். ஒரு நாள் பார்க்க வானம் மண்ணிறமாகத் தெரிந்தது. நிறத்தைப் பிழையாகப் பூசிவிட்டேன் என்று நினைத்து, அன்றைக்கே புது நீலம் குழைத்துப் பூசினேன். வானம் மட்டும் தனியே பளிச்சென்று நின்றது. கடலும் பிள்ளைகளும் மங்கலாகவே கிடந்தார்கள். பிழை நிறத்தில் இல்லை. மேலே படிந்த அழுக்கிலும் மஞ்சளாகிப்போன வார்னிஷிலும்தான் இருந்தது.

துடைத்துப் பார்க்காமல் திருத்தத் தொடங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. காலி வீதிப் புகை, கடலின் உப்பு, சாமி அறைச் சாம்பிராணி எல்லாம் படத்தில் வந்து ஒட்டும். ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, எச்சிலில் நனைத்து, ஓரத்தில் ஓர் அங்குலம் மட்டும் மெதுவாக உருட்டுங்கள். தேய்க்க வேண்டாம். பஞ்சு கபிலமாக வந்தால் அது அழுக்கு. படத்தின் நிறமே வந்தால் உடனே நிறுத்துங்கள். வர்ணம் வெடித்து உதிரும் இடத்தைத் தொடவே கூடாது. உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மாப்பொருள் படத்தில் தங்கினால், நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்க வேறொன்றும் வேண்டாம்.

அடுத்தது, வார்னிஷின் மேல் வர்ணம் பூசுவது. டமார் என்ற மரப்பிசினில் செய்த வார்னிஷ் காய்ந்த பிறகும் டர்பன்டைனில் கரையும். சில மாதம் கழித்து நான் வார்னிஷை எடுக்கத் தொடங்கியபோது, என் புது நீலமும் அதோடு சேர்ந்து பஞ்சில் வந்துவிட்டது. கீழே பழைய வானம் அப்படியே இருந்தது, எனக்கு ஞாபகம் இருந்ததைவிட நல்ல நீலமாக.

சரி, வார்னிஷ் போய்விட்டது, இனிப் பூசலாமா? அவசரப்பட வேண்டாம். ஒயில் வர்ணம் தண்ணீர் வற்றுவதுபோல் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்து இறுகுகிறது. வருடக்கணக்கில் இறுகிய பரப்பு கண்ணாடி மாதிரி. மெல்லியதாகத் தடவும் எண்ணெய் வாழையிலையில் விழுந்த தண்ணீர்போல் உருண்டு நின்றால், புது வர்ணமும் அதில் பிடிக்காது. நுண்ணிய அரத்தாளை நனைத்து, பூசப்போகும் இடத்தில் மட்டும் லேசாக உரசுங்கள். உலர்வாக உரசினால், சில வர்ணங்களில் இருக்கும் ஈயமும் கட்மியமும் தூளாக மூச்சில் போகும்.

அப்புறம், ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, பளபளப்பு மட்டும் மிஞ்சும்வரை துணியால் ஒற்றியெடுங்கள். மங்கிக் கிடந்த கறுப்புகள் கண்முன்னே ஆழமாகும். பல படங்களுக்கு இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும். படத்தை எண்ணெயில் குளிப்பாட்டினால் பிசுபிசுத்து, பிறகு மஞ்சளாகும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்; அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

சீக்கிரம் காய்கிறது என்று ஒயிலின் மேல் அக்ரிலிக் பூசாதீர்கள். தோல் உரிவதுபோல் உரிந்து வரும்.

ஓர் உருவத்தை மறைக்கும்போது நிறத்தை மட்டும் மூடினால் போதாது. நான் மறைத்த ஒரு பட்டத்தின் வால், நாலு மணிக்கு யன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது மேடாகத் தெரிகிறது. முதலில் அந்தத் தடிப்பைச் சுரண்டியிருக்க வேண்டும். எண்ணெய் முதிர முதிர மேல் வர்ணத்தினூடாகக் கீழே உள்ளது தெரியத் தொடங்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கன்வஸ் ஈரத்தில் தொய்யும். அந்த நாட்களில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. முடித்த படத்தை இருட்டு அலுமாரியில் பூட்டினால் எண்ணெய் மஞ்சளாகும். நேர் வெயில் படாத வெளிச்சம் வேண்டும். கடைசி வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள்.

இவ்வளவும் உங்கள் கையால் கீறிய படத்துக்குத்தான். தாத்தா வாங்கி வைத்த படம் என்றால், அதுவும் 1943இல் தொடங்கிய '43 குழு என்ற இலங்கை ஓவியர் குழுவினர் காலத்துப் படமாக இருந்தால், பஞ்சைக்கூட எடுக்காதீர்கள். கொழும்பு பார்ன்ஸ் பிளேசில் அவர்களின் ஓவியங்கள் இருக்கும் சபுமல் மன்றத்துக்குப் போய் அந்தக் காலத்து வர்ணங்களைக் கிட்ட நின்று பாருங்கள். பிறகு ஓவியங்களைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் படத்தைக் கொடுங்கள்.