உளப்பகுப்பாய்வு சிகிச்சை கற்க வருகிறவர்களுக்கு

எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டு வருகிற பிள்ளைகள் "அடுத்து எந்த கோர்ஸ் மேடம்?" என்றுதான் கேட்கிறார்கள். சரி, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்ட ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும். நீண்ட காலமாக இரண்டு வருட எம்.பில்.தான் அதற்கு முக்கிய வழியாக இருந்தது. இப்போது படிப்புகள் மாறிவருகின்றன. அதனால் பணம் கட்டும் முன், அந்தக் கல்லூரியில் அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆர்.சி.ஐ. இணையதளத்தில் நீங்களே பாருங்கள்.

அந்தப் படிப்பில் மனநல வார்டில் வேலை பார்க்கும் காலத்தைக் கடமைக்குக் கழிக்காதீர்கள். மனச்சிதைவு தொடங்குவதை அடையாளம் காணத் தெரியாதவர், ஒருவரைத் தனியறையில் உட்கார வைத்து ஆழ்மனத்தைக் கிளறுவது ஆபத்து.

உளப்பகுப்பாய்வு, அதாவது ஒருவரைப் பேசவிட்டு ஆழ்மனத்தில் இருப்பதைப் புரிந்துகொள்ளும் சிகிச்சை, அதற்கு அப்புறம். 1922-இல் கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் இன்றும் பயிற்சி தருகிறது. எங்கே சேர்ந்தாலும் வகுப்பு, சூப்பர்விஷன் (நீங்கள் பார்க்கும் நோயாளியைப் பற்றி அனுபவசாலி ஒருவரிடம் பேசி வழிகாட்டல் பெறுவது), நீங்களே ஒருவரிடம் சிகிச்சைக்குப் போவது எல்லாம் உண்டு. கடைசியாகச் சொன்னதை முதலில் தொடங்குங்கள். சம்பளத்தில் அதற்கென்று ஒரு பங்கை ஒதுக்குங்கள். எதிரில் இருப்பவர் அழுதால் உடனே ஆறுதல் சொல்லி நிறுத்தத் துடிக்கிறோமே, அந்தத் துடிப்பு யாருக்காக என்பது அங்கேதான் புரியும்.

குறிப்பெடுப்பதுதான் அன்றாடப் பயிற்சி. நோயாளி பேசும்போது பேனாவைத் தொடாதீர்கள். ஐம்பது நிமிடம் முடிந்து அவர் போனதும், அடுத்தவர் வருவதற்குள் உட்கார்ந்து எழுதுங்கள். "அப்பாவைப் பற்றிப் பேசினார்" என்று எழுதினால் சூப்பர்வைசருக்கு ஒன்றும் கிடைக்காது. இப்படி எழுதுங்கள்: "'அப்பா போன் பண்ணாரு, நான் எடுக்கல' என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. 'இங்க ரொம்ப குளிருது' என்றார். எழுந்து ஏசியைக் குறைத்தேன்." சூப்பர்வைசர் அந்தக் கடைசி வரியில் நிறுத்துவார். குளிர்ந்தது அறையா, நீங்களா? அதைப் பேச இடம் கொடுக்காமல் ரிமோட்டை ஏன் எடுத்தீர்கள்? ஒரு மணி நேரம் அதிலேயே போகும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடம் இல்லை.

"உங்களுக்குக் குழந்தை இருக்கா?" என்று நம் ஊரில் நோயாளிகள் கட்டாயம் கேட்பார்கள். பதிலே பேசாமல் கல் மாதிரி உட்கார்ந்தால் அவமானப்பட்டுப் போவார்கள். "கேட்கணும்னு தோணிச்சே, என்ன நினைச்சீங்க?" என்று இதமாகக் கேளுங்கள்.

குழந்தையை உற்றுநோக்கும் பயிற்சிக்கு வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். லண்டன் டேவிஸ்டாக் மனநல மருத்துவமனையில் 1948-இல் எஸ்தர் பிக் என்ற உளப்பகுப்பாய்வாளர் தொடங்கிவைத்த முறை அது. பிறந்த குழந்தையின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் போய், எந்த யோசனையும் சொல்லாமல் பார்த்துவிட்டு வரவேண்டும். இரண்டு வருடம் இதைச் செய்தவருக்கு மௌனம் பயமுறுத்தாது.

சூப்பர்வைசரை முடிவு செய்யாமல் முதல் நோயாளியை எடுக்காதீர்கள். சூப்பர்வைசருக்குத் தரும் குறிப்பில் நோயாளியின் பெயர், ஊர், வேலை பார்க்கும் இடம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பவே வேண்டாம்.