தலைக்கு மேல் பறக்கும் விமானம் எவ்வளவு உயரம்? ஸ்கேல் வைத்து அளக்கலாம்

திருமங்கலம் பக்கம் மொட்டை மாடியில் நின்று, ஸ்கேலைக் கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளிக் கிடையாகப் பிடியுங்கள். செஸ்னா 172 சிறிய விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 11 மீட்டர். நேர் உச்சியில் வரும்போது அது ஸ்கேலில் 1 செ.மீ. இருந்தால், 11 × 60 = 660 மீட்டர், ஏறத்தாழ 2,170 அடி. சாய்வாகப் பார்த்தால் கிடைப்பது தூரம்தான், உயரமல்ல. பலர் தவறுவது இங்கேதான். சூரியன் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம்.

ராபின்சன் ஆர்44 ஹெலிகாப்டரின் விசிறி விட்டம் 10 மீட்டர். அது 4 செ.மீ. தெரிந்தால் 10 × 60 ÷ 4 = 150 மீட்டர், சுமார் 500 அடிதான்.

விமானம் உயரத்தில், ஹெலிகாப்டர் தாழ்வாக: ஏன் இந்த வித்தியாசம்? எஞ்சின் நின்றுபோனால் செஸ்னா 1 மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 9 மீட்டர் முன்னே மிதக்கும். ஆனால் இறங்கியபின் ஓட நீளமான, சமமான இடம் வேண்டும். இங்கே கீழே பார்த்தால் வரப்பு, தென்னந்தோப்பு, கண்மாய்க் கரை. 600 மீட்டரில் இருந்தால், காற்று எதிர்க்காதபோது, 5 கி.மீ. சுற்றில் இடம் தேடலாம். உயரம்தான் விமானிக்கு அவகாசம்.

ஹெலிகாப்டர் அந்த 1 மீட்டருக்குச் சுமார் 4 மீட்டர்தான் போகும். ஆனாலும் கீழிருந்து வரும் காற்றே விசிறியைச் சுழற்றிக்கொண்டிருப்பதால், வறண்ட வைகையில் ஒரு மணல் திட்டு போதும். அதற்காக மிகத் தாழ்வாக, மெதுவாகப் போனால் ஆபத்து: விசிறி வேகம் குறைந்துவிட்டால் மீட்க உயரமும் இருக்காது, முன்னே போகும் வேகமும் இருக்காது.