வேலூரில் எனக்குக் கிடைத்த மூலை

அம்மாவின் சிகிச்சைக்காக வேலூரில் பத்து நாள் தங்கல். லாட்ஜ் ஜன்னலுக்குக் கீழேயே ஆட்டோ ஹாரன். கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை.

முதலில் மாலையில் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போனேன். ஒரே கூட்டம். 1981 வரை மூலவர் இல்லாமல் கிடந்த கோயில் என்று நம்பவே முடியாது!

சரி என்று மறுநாள் விடிந்ததும் கோட்டைக்கே போய், அகழியைப் பார்த்தபடி மதிலோரம் உட்கார்ந்தேன். கருங்கல்லில் இரவின் குளிர்ச்சி இன்னும் இருந்தது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் பஸ் சத்தம், ஏதோ தூரத்து ஊரில் கேட்பது மாதிரி. மூச்சை எண்ணத் தொடங்கி இருபதில் விட்டுவிட்டேன். அப்புறம் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்கெல்லாம் வெயில் விரட்டிவிடும், வேலூர் வெயில் ஆயிற்றே. மீதி நாளெல்லாம் காலையில் அங்கேதான்.