போன் சார்ஜ் நிற்கவில்லையா? எதையும் மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

"போன்ல சார்ஜே நிற்க மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதுதான்: வாங்கிய நாளிலிருந்தே இப்படியா, இல்லை முன்பு இரவு வரை வந்தது இப்போது மதியமே தீர்ந்துவிடுகிறதா? முதலாவது சார்ஜ் அதிகமாகச் செலவாவது சம்பந்தப்பட்டது, செட்டிங்ஸில் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். இரண்டாவதில் பேட்டரியே தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தேய்ந்ததை எந்த செட்டிங்கும் திருப்பித் தராது, இனித் தேயும் வேகத்தைத்தான் குறைக்கலாம். முதல் நான்கு படிகள் செலவுக்கு, கடைசி இரண்டும் தேய்மானத்துக்கு.

ஆண்ட்ராய்டு போனை மனதில் வைத்தே எழுதுகிறேன். கம்பெனிக்குக் கம்பெனி மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் பெயரை அடித்துப் பாருங்கள்.

படி 1: சார்ஜ் எங்கே போகிறது?

செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி யூசேஜ் என்று போங்கள். காலையில் பார்த்துப் பயனில்லை. சாயங்காலம், சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு பாருங்கள். எந்தெந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்ற பட்டியல் வரும்.

நீங்களே இரண்டு மணி நேரம் வீடியோ பார்த்திருந்தால் யூடியூப் முதலிடத்தில் இருப்பது நியாயம்தான். அன்று தொடவே தொடாத ஆப் ஒன்று மேலே நின்றால் அதைத் தட்டுங்கள். பின்னணியில் எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டும். அதற்குள்ளேயே பேட்டரி அனுமதியை 'ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றிவிடலாம். ஷாப்பிங் ஆப், கேம், செய்தி ஆப் எல்லாவற்றையும் தயங்காமல் மாற்றுங்கள். வாட்ஸ்அப், அலாரம், கடையில் பணம் வந்ததைச் சொல்லும் யூபிஐ ஆப் இவற்றை மட்டும் மாற்றாமல் விட்டுவிடுங்கள், மாற்றினால் தகவல் தாமதமாக வந்து சேரும்.

ஆறு படிகளில் ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

படி 2: ஸ்கிரீன்

வெளிச்சத்தை ஆட்டோவில் வையுங்கள். தானாக அணையும் நேரத்தை 30 விநாடி ஆக்குங்கள். 120 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும்) ஸ்கிரீன் என்றால் 60க்குக் குறைக்கலாம், ஸ்க்ரோல் செய்யும்போது வழவழப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பூட்டிய பிறகும் மணி காட்டிக்கொண்டே இருக்கும் 'ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே' தேவையா என்று யோசியுங்கள்.

டார்க் மோட் எல்லோருக்கும் பலன் தராது. ஓஎல்இடி, அமோலெட் ஸ்கிரீனில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி எரியவே இல்லை என்று அர்த்தம், அதனால் மிச்சமாகும். எல்சிடியில் பின்னால் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால் பெரிய வித்தியாசம் வராது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2021இல் ஓஎல்இடி போன்களை அளந்து பார்த்தார்கள். வெளிச்சம் முழுதாக இருக்கும்போது டார்க் மோட் 39 முதல் 47 சதவீதம் மிச்சம் பிடித்தது. வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது மிச்சம் சராசரியாக 3 முதல் 9 சதவீதம்தான். வீட்டுக்குள் உட்கார்ந்து போன் பார்ப்பவருக்கு டார்க் மோட் ஒரு அழகுதான், நண்பகலில் தெருவில் அலைபவருக்கு உண்மையாகவே உதவும்.

படி 3: சிக்னலும் லொக்கேஷனும்

டவர் சரியாக எட்டாத இடத்தில் போன் கூடுதல் சக்தி போட்டுக் கத்தும். ரயில் பயணத்தில் சும்மா இருந்த போனிலும் சார்ஜ் இறங்குவது இதனால்தான். சிக்னலே இல்லாத இடத்தில் கொஞ்ச நேரம் இருக்கப் போகிறீர்கள் என்றால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். 5ஜி வருவதும் போவதுமாக இருக்கும் ஏரியாவில் 4ஜியை மட்டும் தேர்வு செய்துவிடுவது நல்லது. வீட்டில் வைஃபை இருந்தால் மொபைல் டேட்டாவைவிட அதுவே சிக்கனம்.

லொக்கேஷனை மொத்தமாக அணைக்க வேண்டாம். எந்த ஆப்புக்கு 'எப்போதும்' என்று அனுமதி இருக்கிறதோ அதை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். ப்ளூடூத் சும்மா ஆனில் இருப்பதால் ஒன்றும் பெரிதாகக் குறையாது.

படி 4: நிறுத்த வேண்டிய இரண்டு பழக்கங்கள்

ஒன்று, ரீசன்ட் ஆப்ஸைத் திறந்து எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி மூடுவது. பல ஆப்கள் அங்கே உறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. மூடிவிட்டு மறுபடி திறந்தால் முதலிலிருந்து ஏற்ற வேண்டும், அதற்குத்தான் செலவு. இதனால் பேட்டரி மிச்சமாகாது என்று ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகி, ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லாக்ஹைமர் இருவருமே 2016இல் சொல்லிவிட்டார்கள். தொங்கிப்போன ஆப்பை மூடுவது வேறு விஷயம்.

இரண்டு, 'பேட்டரி சேவர்' என்று பிளே ஸ்டோரில் கிடைக்கும் ஆப்கள். சும்மா கிடக்கும் போனைத் தூங்க வைக்கும் 'டோஸ்' வசதி 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இலிருந்தே உள்ளே இருக்கிறது. அதற்கு மேல் விளம்பரம் காட்டும் ஒரு ஆப் எதற்கு? அழித்துவிடுங்கள். போனிலேயே இருக்கும் பேட்டரி சேவரை 20 சதவீதத்தில் தானாக ஆன் ஆகும்படி வைத்தால் போதும்.

படி 5: சூட்டிலிருந்து காப்பாற்றுங்கள்

போனில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரியை வேகமாகக் கெடுப்பவை இரண்டு: சூடு, வெகுநேரம் முழு சார்ஜில் நிற்பது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஐபோனைப் பயன்படுத்த 35 டிகிரி வரைதான் ஆப்பிள் பரிந்துரைக்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் வேலூரோ திருச்சியோ 40ஐத் தொடும்போது போன் சும்மா இருந்தாலே எல்லை தாண்டிவிடும்.

பைக் ஹேண்டிலில் மாட்டிய போனை நினைத்துப் பாருங்கள். நேர் வெயில், முழு வெளிச்சம், மேப், கூடவே சார்ஜ். டெலிவரி வேலை செய்பவர்களுக்கு இதைத் தவிர்ப்பது கஷ்டம். குறைந்தது வண்டியில் சார்ஜ் போடாமல், நிழலில் நிறுத்தும்போது பவர் பேங்கில் போடலாம். வழி தெரிந்த இடத்தில் ஸ்கிரீனை அணைத்துவிட்டுக் குரல் வழிகாட்டலை மட்டும் கேட்கலாம். சூடான போனை ஃப்ரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள், உள்ளே ஈரம் படியும். கவரைக் கழற்றி மின்விசிறிக்குக் கீழே வைத்தாலே போதும்.

சார்ஜ் போட்டுக்கொண்டே கேம் ஆடுவது, தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவது இரண்டும் வேண்டாம்.

இரவு முழுக்க சார்ஜில் விட்டால் பேட்டரி நிரம்பி வழியாது, நிரம்பியதும் போனே நிறுத்திக்கொள்ளும். ஆனால் விடியும் வரை 100இலேயே நிற்கும், அதுதான் வயதைக் கூட்டுகிறது. சாம்சங், பிக்சல், ஐபோன் 15, அதற்குப் பிறகு வந்த ஐபோன்கள் எனப் பலவற்றில் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்யுங்கள். ஊருக்குப் போகும் நாளில் 100 வரை ஏற்றிக்கொள்ளலாம், தப்பில்லை.

சுத்தமாக இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் ஆயுள் குறையாது. இன்று 60 சதவீதம், நாளை 40 சதவீதம் ஏற்றினால் இரண்டும் சேர்த்து ஒரு முழு சார்ஜ் சுற்றுதான் கணக்கு.

படி 6: மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

ஐபோனில் செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி ஹெல்த். சாம்சங்கில் 'சாம்சங் மெம்பர்ஸ்' ஆப்பில் டயக்னாஸ்டிக்ஸ். ஐபோன் 14 வரையான போன்கள் 500 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும்படி செய்யப்பட்டவை, 15இலிருந்து அது 1000 சுற்று. 80க்குக் கீழே போயிருந்தால், அல்லது 20 சதவீதம் காட்டும்போதே போன் பொசுக்கென்று அணைந்தால், செட்டிங்ஸை நோண்டுவதில் பயனில்லை. புது பேட்டரி போடுங்கள். நம்பகமான சர்வீஸ் சென்டரில் ஒரிஜினலே போடுங்கள், விலை குறைவு என்று டூப்ளிகேட் வேண்டாம்.

பின்மூடி தூக்கிக்கொண்டிருந்தால், ஸ்கிரீன் ஓரத்தில் இடைவெளி தெரிந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்திப் பார்க்காமல், சார்ஜும் போடாமல், அணைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.